எல்இடிக்கு எத்தனை ஓம்?

இந்த இதழின் கேள்வி பதிலுக்கு எல்இடி என்ற சிறு விளக்கும், அதில் ஓடும் மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரும் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். ரெசிஸ்டரின் தடையை அளக்கும் அலகுதான் ஓம். பலர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் 'எல்இடி' என்றால் 3 அல்லது 5 மில்லிமீட்டர் அளவுள்ள சாதாரண வட்ட எல்இடிதான்.

கேள்வி: 9 வோல்ட் பேட்டரியில் ஒரு சிவப்பு எல்இடி எரிய வேண்டும். ஒருவர் 330 ஓம் என்கிறார், இன்னொருவர் 470 என்கிறார், மூன்றாமவர் 1 கே (1 கிலோ ஓம், அதாவது 1000 ஓம்) போடச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சிவப்பு எல்இடி எரியும்போது அதன் இரு கால்களுக்கும் இடையே ஏறத்தாழ 2 வோல்ட் நிற்கும். 9 வோல்ட்டில் மீதி 7 வோல்ட்டையும் ரெசிஸ்டர்தான் தாங்கியாக வேண்டும். அந்த 7 வோல்ட்டை ஓம் மதிப்பால் வகுத்தால் ஓடும் மின்னோட்டம் கிடைக்கும். 330 ஓமில் 21 மில்லிஆம்பியர், 470 ஓமில் 15, 1 கே போட்டால் 7.

சாதாரண எல்இடிகளில் பெரும்பாலானவை தொடர்ந்து தாங்கக்கூடியது 20 மில்லிஆம்பியர். புதுப் பேட்டரி 9.5 வோல்ட் வரை காட்டும். அப்போது 330 ஓமில் 22.7 மில்லிஆம்பியர் ஓடும். உடனே எரிந்து போகாது, ஆனால் ஆயுள் குறையும். ஆகவே 330 வேண்டாம். 470, 1 கே இரண்டில் எங்கள் ஓட்டு 1 கே-க்குத்தான். மின்னோட்டம் பாதியானால் வெளிச்சமும் பாதியாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். கண் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் பிடிபடும். பேட்டரியோ இரண்டு மடங்கு நேரம் உழைக்கும். இப்போது கிடைக்கும் அதிக ஒளி எல்இடிகள் 1 அல்லது 2 மில்லிஆம்பியரிலேயே பவர் இண்டிகேட்டருக்குப் போதுமான வெளிச்சம் தரும். 20 மில்லிஆம்பியர் என்பது உச்சவரம்பு. அதை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கணக்கைத் திருப்பிப் போட ஒரு சுருக்கு வழி: மீதி வோல்ட்டை மில்லிஆம்பியரால் வகுத்தால் விடை நேராகக் கிலோ ஓமில் வரும். 7 ÷ 20 = 0.35 கே, அதாவது 350 ஓம். 350 என்று ஒரு ரெசிஸ்டர் கடையில் கிடைக்காது. வழக்கமான வரிசை 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. இவற்றின் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று போகும். கணக்கில் வந்த எண்ணுக்கு அடுத்த பெரிய மதிப்பை எடுங்கள். கீழே இறங்காதீர்கள்.

கேள்வி: எல்இடிக்கு 2 வோல்ட் போதும் என்றால் சரியாக 2 வோல்ட்டைக் கொடுத்துவிட்டு ரெசிஸ்டரை விட்டுவிடலாமே?

பதில்: இந்தக் குழப்பம்தான் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் வேர். ரெசிஸ்டரில் வோல்ட் ஒரு பங்கு கூடினால் மின்னோட்டமும் ஒரு பங்கு கூடும். எல்இடியில் அந்த நியாயம் செல்லாது. 1.6 வோல்ட்டில் ஏறக்குறைய ஒன்றுமே ஓடாது; 2 வோல்ட்டில் 20 மில்லிஆம்பியர் ஓடும்; அதற்கு மேல் 0.1 வோல்ட், 0.2 வோல்ட் ஏறினாலே மின்னோட்டம் தாவிவிடும். அதோடு '2 வோல்ட்' என்பது சராசரிதான். ஒரே பையில் வாங்கிய எல்இடிகளில் ஒன்று 1.9, இன்னொன்று 2.1 என்று இருக்கும்.

சூடு இன்னொரு சிக்கல். எல்இடி சூடாகும்போது ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் அதன் வோல்ட் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். வெளியிலிருந்து நிலையான வோல்ட்டைக் கொடுத்தால், சூடான எல்இடி அதிக மின்னோட்டத்தை இழுக்கும், அதனால் மேலும் சூடாகும், மேலும் இழுக்கும். நடுவில் ஒரு ரெசிஸ்டர் இருந்தால் மின்னோட்டம் கொஞ்சம் ஏறியதுமே ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டும் ஏறி, எல்இடிக்குக் கிடைப்பது தானாகக் குறைந்துவிடும். ஆக, எல்இடியின் வோல்ட்டை நாம் நிர்ணயிப்பதில்லை. மின்னோட்டத்தை நிர்ணயிக்கிறோம், வோல்ட்டை எல்இடி தானே எடுத்துக்கொள்கிறது.

பொம்மைகளில் ரெசிஸ்டரே இல்லாமல் பட்டன் செல்லோடு எல்இடியைச் சேர்த்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் செல்லின் உள்தடையே அங்கே ரெசிஸ்டர் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அதை நம்பி இரண்டு பென்சில் செல்களில் சிவப்பு எல்இடியை நேரடியாக மாட்டினால் எல்இடி போய்விடும், ஏனென்றால் பென்சில் செல்லின் உள்தடை மிகக் குறைவு.

கேள்வி: எந்த நிறத்துக்கு எத்தனை வோல்ட்? பழைய போர்டிலிருந்து கழற்றிய, விவரம் தெரியாத எல்இடிக்கு எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சிவப்பு 1.8 முதல் 2.2 வரை, மஞ்சளும் ஆரஞ்சும் அதை ஒட்டியே. நீலமும் வெள்ளையும் 3.0 முதல் 3.4. ரிமோட்டில் இருக்கும் அகச்சிவப்பு எல்இடி 1.2 முதல் 1.5. பச்சையில்தான் கவனம் வேண்டும். இலைப்பச்சையும் மஞ்சளும் கலந்தாற்போல மங்கலாக எரியும் பழைய வகைக்கு 2.1 போதும், பளிச்சென்று எரியும் புது வகைப் பச்சைக்கு நீலத்தைப் போல 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும்.

தெரியாத எல்இடிக்கு, 9 வோல்ட் பேட்டரியோடு 1 கே ரெசிஸ்டரைத் தொடராக (ஒன்றன்பின் ஒன்றாக) சேர்த்து அதை எரிய விடுங்கள். எந்த நிறமானாலும் 6 முதல் 8 மில்லிஆம்பியர்தான் ஓடும், ஆபத்தில்லை. இப்போது மல்டிமீட்டரை (வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் கருவி) 20 வோல்ட் டிசியில் வைத்து எல்இடியின் இரு கால்களுக்கும் குறுக்கே அளந்தால் வருவதுதான் அதன் வோல்ட். எரியவே இல்லை என்றால் கால்களை மாற்றிப் பாருங்கள். ஆனால் தலைகீழாகவே விட்டு வைக்காதீர்கள், பெரும்பாலான எல்இடிகள் பின்னோக்கி 5 வோல்ட்டுக்கு மேல் தாங்கும் என்று உறுதி கிடையாது. நீளமான கால் பிளஸ். கால் வெட்டப்பட்டிருந்தால் விளிம்பில் தட்டையாகச் செதுக்கிய பக்கம் மைனஸ்.

மல்டிமீட்டரில் டையோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) சோதிக்கும் நிலையிலும் பார்க்கலாம். சில மீட்டர்கள் அந்த நிலையில் 3 வோல்ட்டுக்கும் குறைவாகவே தருவதால் நீலமும் வெள்ளையும் எரியாது. அதை வைத்து நல்ல எல்இடியைக் குப்பையில் போட்டுவிட வேண்டாம்.

கேள்வி: ரெசிஸ்டரைப் பிளஸ் பக்கம் போட வேண்டுமா, மைனஸ் பக்கமா?

பதில்: எந்தப் பக்கமும். ஒரே பாதையில் ஓடும் மின்னோட்டம் எங்கும் ஒரே அளவுதான். ரெசிஸ்டருக்குத் திசையும் கிடையாது.

கேள்வி: 5 வோல்ட்டில் 5 வெள்ளை எல்இடிகளைப் பக்க இணைப்பில் (பிளஸ் கால்கள் எல்லாம் ஒன்றாக, மைனஸ் கால்கள் எல்லாம் ஒன்றாக) சேர்த்து, மொத்தத்துக்கும் 18 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மட்டும் போட்டேன். கணக்குப்படி ஆளுக்கு 20 மில்லிஆம்பியர். ஒன்று மட்டும் அதிகப் பளிச்சென்று எரிந்தது, சில நாளில் அது போய்விட்டது. பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாகப் போயின. ஏன்?

பதில்: உங்கள் கணக்கில் பிழையில்லை, 5 − 3.2 = 1.8 வோல்ட்; 1.8 ÷ 100 = 0.018 கே. ஐந்து எல்இடிகளும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி இருந்தால் அது வேலை செய்திருக்கும். பக்க இணைப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே வோல்ட்தான் கிடைக்கும். அந்த ஐந்தில் ஒன்று 3.0 வோல்ட்டிலேயே நன்றாகக் கடத்துவதாகவும் மற்றவை 3.2 கேட்பதாகவும் இருந்தால், 3.0 காரர் பெரும்பங்கை விழுங்கிவிடுவார். அவர் சூடாகி, வோல்ட் இன்னும் இறங்கி, இன்னும் விழுங்குவார். கடைசியில் அறுந்து போவார். அதன் பிறகு அதே 100 மில்லிஆம்பியரை நான்கு பேர் பங்கிட வேண்டும், ஆளுக்கு 25. அடுத்த பலவீனமானது போகும்; மூன்று பேருக்கு 33. ஒன்று போன பிறகு மற்றவை வேகமாக விழுந்ததற்குக் காரணம் இதுதான்.

தீர்வு எளிது: ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனியாக 100 ஓம். ஆளுக்கு 18 மில்லிஆம்பியர் வரும். 150 போட்டால் 12; பல வேலைகளுக்கு அதுவே தாராளம்.

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே உறைக்குள் இருக்கும் மூன்று நிற எல்இடியிலும் இதே தவறு நடக்கிறது. மூன்றுக்கும் பொதுவான காலில் ஒரே ஒரு ரெசிஸ்டரை மாட்டிவிட்டு, 'மூன்றையும் சேர்த்துப் போட்டால் வெள்ளை வருவதில்லை, சிவப்பு மட்டும் எரிகிறது' என்று மூன்று வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். சிவப்பு எரியத் தொடங்கியதும் பொதுக் காலில் 2 வோல்ட்டுக்கு மேல் நிற்க விடாது. 3 வோல்ட் கேட்கும் நீலமும் பச்சையும் எழவே முடியாது. ரெசிஸ்டர்களைப் பொதுக் காலிலிருந்து எடுத்து, மூன்று நிறக் கால்களிலும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். 5 வோல்ட்டுக்குச் சிவப்பில் 220, நீலத்தில் 150 என்று தொடங்கலாம். பச்சை கண்ணுக்குத் தூக்கலாகத் தெரியும், அதற்கு 330 வரை ஏற்றிப் பார்த்து வெள்ளையைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: அப்படியானால் தொடர் இணைப்பில் ஒரே ரெசிஸ்டர் போதுமா? 12 வோல்ட் அடாப்டரில் எத்தனை எல்இடி சேர்க்கலாம்?

பதில்: போதும். தொடரில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் ஓடுவதால் பங்கீட்டுச் சண்டை இல்லை. எல்இடிகளின் வோல்ட்டைக் கூட்டி, மொத்தத்தில் கழித்து, அதே கணக்கு. 3 வெள்ளை என்றால் 9.6 வோல்ட், மீதி 2.4, 120 ஓமில் 20 மில்லிஆம்பியர், 150 ஓமில் 16. 4 சிவப்பு என்றால் 8 வோல்ட், மீதி 4. 220 ஓமில் 18. 4 வெள்ளைக்கு 12.8 வோல்ட் தேவை, ஆகவே மங்கலாக மினுக்கும். மொத்த வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்காவது ரெசிஸ்டருக்கு மிச்சம் வையுங்கள். நிலையான அடாப்டருக்கு அது போதும். நிலையில்லாத இடத்துக்குப் போதாது, அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: மேலே சொன்னதுபோல 3 வெள்ளை எல்இடியும் 120 ஓமும் போட்ட சரத்தை வீட்டில் 12 வோல்ட் அடாப்டரில் சோதித்தேன், பிரமாதமாக எரிந்தது. காரில் மாட்டியதும் சில வாரங்களில் கருகிவிட்டது.

பதில்: காரில் 12 வோல்ட் என்பது பெயருக்குத்தான். என்ஜின் ஓடும்போது வண்டியின் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை கொடுக்கும். உங்கள் சரத்தில் எல்இடிகள் 9.6 வோல்ட்டை எடுத்துக்கொண்டதும் ரெசிஸ்டருக்கு 12-இல் 2.4 கிடைத்தது, 14.4-இல் 4.8 கிடைக்கிறது. வண்டியின் வோல்ட் ஏறியது 20 சதவீதம்தான். எல்இடியின் மின்னோட்டமோ 20-லிருந்து 40 மில்லிஆம்பியருக்கு, முழுதாக இரட்டிப்பாகிவிட்டது.

ரெசிஸ்டருக்கு விடும் மிச்சம் சிறியதாக இருந்தால் மின்மூலத்தின் வோல்ட்டில் நடக்கும் சின்ன அசைவும் பெரிதாக எதிரொலிக்கும். வண்டிக்குச் சரத்தில் 2 வெள்ளை மட்டும் போடுங்கள், 470 ஓம், அரை வாட். 12 வோல்ட்டில் 12 மில்லிஆம்பியர், 14.4-இல் 17. இரண்டு நிலையிலும் பாதுகாப்பு. நிறைய எல்இடி வேண்டுமென்றால் இதே ஜோடிச் சரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போகலாம், ஒவ்வொரு சரத்துக்கும் அதன் சொந்த 470 ஓமோடு.

வண்டி மின்சாரத்தில் நொடிக்கும் குறைவான நேரத்துக்குப் பெரிய துள்ளல்களும் தலைகீழ் வோல்ட்டும் வரக்கூடும். தொடராக ஒரு 1என்4007 டையோடு சேர்த்தால் தலைகீழ் வோல்ட்டிலிருந்து எல்இடி தப்பிக்கும், 0.7 வோல்ட் கூடுதலாக விழும், அவ்வளவுதான். பேட்டரிப் பக்கம் வயர் தொடங்கும் இடத்திலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம். அது எல்இடிக்காக அல்ல. வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் தீப்பிடிக்காமல் இருப்பதற்காக.

கேள்வி: 12 வோல்ட்டில் வேலை செய்த இண்டிகேட்டரை 24 வோல்ட்டில் மாட்டினேன். ரெசிஸ்டர் புகைந்தது. ஓம் மதிப்பு 560, கால் வாட்.

பதில்: ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் அதில் சூடாக மாறும் வாட் கிடைக்கும். 12 வோல்ட்டில் 10 × 0.0179 = 0.18 வாட். கால் வாட்டுக்குள்தான் இருந்தது, ஆனால் தொட்டிருந்தால் அப்போதே நன்றாகச் சுட்டிருக்கும். 24 வோல்ட்டில் 22 வோல்ட் விழுந்து 39 மில்லிஆம்பியர் ஓடியது: 0.86 வாட். கால் வாட் ரெசிஸ்டர் புகையாமல் என்ன செய்யும்? எல்இடியும் பிழைத்திருந்தாலும் அடி வாங்கியிருக்கும், மாற்றிவிடுங்கள்.

கணக்கில் வரும் வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்கும் ரெசிஸ்டரைப் போடுவது எங்கள் வழக்கம். 24 வோல்ட்டில் 2.2 கே போட்டால் 10 மில்லிஆம்பியர், 0.22 வாட், ஆகவே அரை வாட் ரெசிஸ்டர். 4.7 கே போட்டால் 4.7 மில்லிஆம்பியர், 0.1 வாட், கையில் இருக்கும் கால் வாட்டே போதும், இண்டிகேட்டருக்கு வெளிச்சமும் போதும்.

கேள்வி: 330 ஓம்தான் போட்டேன், 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

பதில்: ரெசிஸ்டரின் மேல் மதிப்பைக் காட்டும் நிற வளையங்களில் மூன்றாவதைப் பாருங்கள். ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு என்றால் 330. ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு என்றால் 33 கே, அதில் 0.09 மில்லிஆம்பியர்தான் ஓடும். நீல உடல் கொண்ட ஐந்து வளைய ரெசிஸ்டரில் 330 என்பது ஆரஞ்சு, ஆரஞ்சு, கருப்பு, கருப்பு, பழுப்பு. அந்த நீலத்தின் மேல் பழுப்பும் சிவப்பும் ஆரஞ்சும் எல்லோரையும் ஏமாற்றும். பிரெட்போர்டில் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரில் ஒருமுறை அளந்துவிடுங்கள். இரண்டு நொடி வேலை.

கேள்வி: ஆர்டுயினோ என்ற நிரல் போர்டில் பிடபிள்யூஎம் (மிக வேகமாக எரித்து அணைக்கும் முறை) மூலம் 10 சதவீதம் மட்டும் எரிய விட்டால் ரெசிஸ்டர் தேவையில்லை அல்லவா? சராசரி குறைவுதானே?

பதில்: சராசரி குறைவு, உச்சம் குறையவில்லை. எரியும் அந்த 10 சதவீத நேரத்தில் போர்டின் 'பின்' (இணைப்புக் கால்) முழு 5 வோல்ட்டைத் தருகிறது. தடுக்க யாரும் இல்லை. ஊனோ வகை ஆர்டுயினோவில் இருக்கும் சிப்பின் ஒரு பின் தாங்கும் எல்லை 40 மில்லிஆம்பியர், 20-க்குள் வைத்துக்கொள்வதே முறை. எல்லாப் பின்களும் சேர்ந்து 200-ஐத் தாண்டக் கூடாது. சிவப்புக்கு 220 ஓம் போட்டால் 14 மில்லிஆம்பியர், 330 போட்டால் 9. நிரலில் தவறு நேர்ந்து பின் எப்போதும் எரிந்த நிலையில் நின்றுவிட்டாலும் எதுவும் கெடாது.

கேள்வி: 3.3 வோல்ட் போர்டில் நீல எல்இடி 100 ஓமோடு மங்கலாக எரிகிறது. இன்னொரு நீலம் அதே இடத்தில் நன்றாக எரிகிறது.

பதில்: 3.2 வோல்ட் என்பது 20 மில்லிஆம்பியர் ஓடும்போது உள்ள மதிப்பு. ஒன்றிரண்டு மில்லிஆம்பியரில் நீலம் 2.8 வோல்ட் பக்கம் இறங்கி நிற்கும். அதனால்தான் எரியவே எரிகிறது. ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது அரை வோல்ட்டுக்கும் குறைவு. எல்இடிக்கு எல்இடி உள்ள சிறு வேறுபாடு அப்படியே வெளிச்சத்தில் தெரிகிறது. ரெசிஸ்டரைக் குறைத்துக்கொண்டே போவது இதற்குத் தீர்வாகாது.

5 வோல்ட் கிடைக்குமானால் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போடுங்கள். அதன் மூன்று கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர்: எமிட்டர் கிரவுண்டுக்கு (மைனஸ்), போர்டின் பின்னிலிருந்து 1 கே வழியாக பேஸுக்கு, 5 வோல்ட்டிலிருந்து 100 ஓம், அடுத்து எல்இடி, எல்இடியின் மைனஸ் கால் கலெக்டருக்கு. எல்இடியில் 17 மில்லிஆம்பியர் வரை ஓடும். பின் தர வேண்டியது 3-க்கும் குறைவு. இரண்டு மின்மூலங்களின் கிரவுண்டும் இணைந்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு டிரான்சிஸ்டரைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

கேள்வி: 1 வாட் எல்இடிக்கும் இதே கணக்குதானா?

பதில்: கணக்கு அதேதான், விடைதான் பிடிக்காது. 350 மில்லிஆம்பியர், 3.2 வோல்ட் வகையை 12 வோல்ட்டில் எரிக்க 27 ஓம் வேண்டும். அந்த ரெசிஸ்டர் ஏறக்குறைய 3 வாட்டைச் சூடாக்கி வீணடிக்கும், 1 வாட் வெளிச்சத்துக்காக. 5 வோல்ட்டில் என்றால் 5.6 ஓம், 2 வாட் ரெசிஸ்டர், சோதனைக்குப் பரவாயில்லை. நிரந்தரமாக வைப்பதென்றால் நிலையான மின்னோட்டம் தரும் 350 மில்லிஆம்பியர் டிரைவரை வாங்குங்கள். எதில் எரித்தாலும் சூட்டை வெளியேற்றும் அலுமினிய ஹீட்சிங்க் இல்லாமல் எரிக்காதீர்கள்.

கேள்வி: 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் ஒரு ரெசிஸ்டர் போட்டு எல்இடி எரிக்கலாமா?

பதில்: வேண்டாம். 20 மில்லிஆம்பியருக்கு ரெசிஸ்டர் நாலரை வாட்டுக்கு மேல் எரிக்கும். மின்னோட்டத்தைக் குறைத்து வாட்டைச் சமாளித்தாலும் ஏசியின் உச்சம் 325 வோல்ட். சாதாரணக் கால் வாட் ரெசிஸ்டர் பெரும்பாலும் 250 வோல்ட்டுக்குத்தான் உறுதி தருகிறது. மின்சாரம் திசை மாறும் எதிர் அரைச் சுற்றில் எல்இடிக்கு முழு வோல்ட்டும் தலைகீழாக வரும். இதையெல்லாம் சரிசெய்தாலும், தொட்டால் ஷாக் அடிக்கும் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உறையோடு தயாராக வரும் 230 வோல்ட் இண்டிகேட்டர் விளக்கை வாங்கி மாட்டுங்கள்.

கேள்வி: எல்இடியில் உண்மையில் எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்று சர்க்யூட்டைப் பிரிக்காமல் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். மீட்டரை வோல்ட்டில் வைத்து ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே அளந்து, ஓம் மதிப்பால் வகுத்துவிடுங்கள். 470 ஓமில் 7.1 வோல்ட் காட்டினால் 15.1 மில்லிஆம்பியர். அளந்து முடியும் வரை சிவப்பு வயர் வோல்ட் துளையிலேயே இருக்கட்டும். ஆம்பியர் துளைக்கு மாற்றி அதே இடத்தில் வைத்தால் மீட்டர் ரெசிஸ்டரையே ஷார்ட் செய்துவிடும், எல்இடி அந்த நொடியே போய்விடும்.